அம்மாவுக்கு நெஞ்சு வலி, ஆனா அடைப்பு இல்லை. துக்கத்தால வந்ததுன்னு டாக்டர் சொல்றார். அது எப்படி?

செம்பூர் கயல் | ஜூன் 14, இரவு 11:52

தூக்கம் வரல, அதான் இங்க எழுதறேன். போன மாசம் 29ஆம் தேதி அப்பா தவறிட்டார். எல்லாம் முடிஞ்சு நாலாவது நாள் காலைல அம்மா சிங்க் முன்னாடி நின்னு பாத்திரம் கழுவிட்டிருந்தாங்க. அப்பாவோட காபி டம்ளர் கடைசியா வந்தது. அதைக் கழுவிக் கவிழ்த்து வெச்ச கை அப்படியே நெஞ்சுக்குப் போச்சு. "போட்டுப் பிசையுதுடி"ன்னாங்க. முகமெல்லாம் வேர்வை. ஃபேன் தலைக்கு மேலதான் ஓடிட்டிருந்தது.

ஆட்டோல ஏத்திட்டு ஓடினோம். இசிஜி பார்த்ததும் அட்டாக்னுட்டாங்க. இதயத் தசை அடிபட்டா ரத்தத்துல ஏறுமாம், அந்த ட்ரோபோனினும் ஏறியிருந்தது. உடனே ஆஞ்சியோ, இதயக் குழாயைப் படம் பிடிக்கறது. வெளிய வந்த டாக்டர் சொன்னது: குழாய் எல்லாம் சுத்தம், அடைப்பே கிடையாது, ஆனா இதயத்தோட கீழ்ப்பாதி சுருங்கவே மாட்டேங்குது, பலூன் மாதிரி உப்பி நிக்குது. பம்ப் பண்ற அளவு 35 சதவீதம்தான். "வீட்ல ஏதாவது நடந்துச்சா?"ன்னு கேட்டார். அப்பா விஷயத்தைச் சொன்னதும் தலையை ஆட்டிட்டு 'டாக்கோட்சுபோ'ன்னு சீட்டுல எழுதினார்.

9ஆம் தேதி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இப்ப தாணேல இருக்கற என் அண்ணன் ஒத்தக்கால்ல நிக்கறான். "அழுகை மனசுல வர்றது, அதுக்கு ஹார்ட் ஏன் உப்பணும்? அடைப்பைக் கண்டுபிடிக்கத் தெரியாம கதை விடறாங்க, வேற இடத்துல காட்டலாம்"ங்கறான். டாக்டர் சொன்னதை எப்படி அவனுக்குப் புரிய வைக்கறதுன்னு எனக்கும் தெரியல. யாராவது விளக்குங்களேன்.


நைட் ஷிப்ட் சிஸ்டர் | ஜூன் 15, காலை 6:20

கயல், டியூட்டி முடிச்சு டிரெயின்ல உக்காந்து எழுதறேன். அப்பா விஷயம் கேட்டு மனசு கஷ்டமா இருக்கும்மா.

டாக்டர் கதை விடல. பன்னிரண்டு வருஷமா சிசியூல, அதான் இதய நோயாளிங்களோட தீவிர சிகிச்சை வார்டுல, இருக்கேன், இந்த மாதிரி ஏழெட்டு பேரைப் பார்த்துட்டேன். எல்லாரும் அம்பத்தஞ்சு வயசு தாண்டின பொம்பளைங்க. உலகம் பூரா இது வர்றவங்கள்ல பத்துக்கு ஒம்பது பேர் பெண்கள்தான், அதுலயும் மாதவிடாய் நின்னவங்கதான் அதிகம். 1990ல ஜப்பான்காரங்கதான் முதல்ல இதுக்குப் பேரு வெச்சாங்க. டாக்கோட்சுபோன்னா அங்க ஆக்டோபஸ் பிடிக்கற மண்குடுவை. கழுத்து ஒடுங்கி அடி பெருத்திருக்கும். ஆஞ்சியோ படத்துல இடது கீழறை அச்சு அசல் அப்படித்தான் தெரியும்.

ஆரம்பத்துல அட்டாக்குக்கும் இதுக்கும் இசிஜில வித்தியாசம் தெரியாது. அதனால ஆஞ்சியோ செஞ்சதுதான் சரி. நுரையீரல்ல தண்ணி கோக்கறது, துடிப்பு தாறுமாறாப் போறது எல்லாம் முதல் சில நாள்ல வரலாம். அம்மா அதைத் தாண்டிட்டாங்க. முக்கால்வாசிப் பேருக்குச் சில வாரத்துல இதயம் பழைய வடிவத்துக்கு வந்துடும்.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. மறுபடி வலி வந்தா "அழுதா அப்படித்தான்"னு வீட்ல உக்கார வெச்சிடாதீங்க, நேரா ஆஸ்பத்திரி. துக்கமா அடைப்பான்னு வெளியில இருந்து யாராலயும் சொல்ல முடியாது.


எண்ணிப்பார் | ஜூன் 15, காலை 9:05

வருத்தங்கள், கயல். ஆனால் உங்கள் அண்ணன் கேட்பதில் தப்பில்லை. துக்கம் என்பது மூளையில் நடக்கும் ஒன்று. அது நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கும் ஒரு தசையின் வடிவத்தை மாற்றுகிறது என்றால் நடுவில் வயர் எங்கே? சிஸ்டர் சொன்னது என்ன நடக்கும் என்பது. எப்படி நடக்கிறது என்று யாராவது சொன்னால் நானும் தெரிந்துகொள்வேன்.


பழைய வாத்தியார் | ஜூன் 15, மதியம் 2:40

நியாயமான கேள்வி. 31 வருஷம் கல்லூரியில் உடலியங்கியல் எடுத்தவன் நான். டோம்பிவிலிக்கு வந்த பிறகு பேரனைத் தவிர யாரும் என்னிடம் கேள்வி கேட்பதில்லை. ஆகவே கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயம். இதயம் துடிக்க மூளை தேவையே இல்லை. வலது மேலறைச் சுவரில் சைனஸ் கணு என்று ஒரு சின்னத் திசு இருக்கிறது. யாரும் சொல்லாமல் அதுவாகவே நிமிடத்துக்குச் சுமார் 100 முறை மின்துடிப்பை அனுப்பும். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நம் நாடி 70தானே? மீதி 30 எங்கே போயிற்று? மூளைத்தண்டிலிருந்து இறங்கி வரும் வேகஸ் நரம்பு நாள் முழுக்கப் பிரேக்கை லேசாக மிதித்தபடி இருக்கிறது, பாலத்தில் இறங்கும் நம் மும்பை மாநகர 'பெஸ்ட்' பஸ் டிரைவர் மாதிரி. திடீரென்று பயந்தால் முதலில் நடப்பது அந்தப் பிரேக்கிலிருந்து காலை எடுப்பதுதான். அதனால்தான் அடுத்த ஒன்றிரண்டு துடிப்பிலேயே நெஞ்சு 'திக்' என்கிறது. அதன் பிறகுதான் ஆக்சிலரேட்டர்: உடம்பை முடுக்கிவிடும் சிம்பதெடிக் நரம்புகளும், சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியும். நரம்பு நொடியில் வேலையை முடித்துவிடும். ரத்தத்தில் கலக்கும் அட்ரினலின் வடியச் சில நிமிடங்கள் ஆகும். சண்டை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் கை நடுங்குகிறதே, அது இந்த வடியாத மிச்சம்.

இதை முதலில் நிரூபித்த கதை சுவாரசியமானது. 1921, ஆஸ்திரியாவின் கிராஸ் நகரம். ஓட்டோ லோவி என்பவர் இரவில் கனவில் ஒரு சோதனையைக் கண்டார். விழித்து ஒரு துண்டுக் காகிதத்தில் கிறுக்கிவிட்டுத் தூங்கிப்போனார். காலையில் பார்த்தால் தன் கையெழுத்து தனக்கே புரியவில்லை. நல்லவேளை, மறுநாள் இரவும் அதே கனவு. இந்தத் தடவை எழுந்து நேராக ஆய்வுக்கூடத்துக்கே போய்விட்டார். இரண்டு தவளை இதயங்கள், இரண்டும் உப்புநீரில் துடித்துக்கொண்டிருக்கின்றன. ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், அது மெதுவானது. அதைச் சுற்றியிருந்த நீரை எடுத்து நரம்பே இல்லாத மற்ற இதயத்தின் மேல் விட்டார். அதுவும் மெதுவானது! நரம்பு தன் செய்தியை ஒரு வேதிப்பொருளாக ஊற்றுகிறது என்று அன்றைக்குத் தெரிந்தது. பிற்பாடு அது அசிடைல்கோலின் என்று உறுதியானது. 1936ல் ஹென்றி டேலோடு சேர்த்து நோபல் கொடுத்தார்கள்.

இனி கயலின் அம்மா. பெருந்துக்கத்தில் மூளை ஆக்சிலரேட்டரை அடிமட்டம் வரை மிதிக்கிறது. அட்ரினலினும் அதன் உறவுக்காரப் பொருள்களும் வழக்கத்துக்குப் பல மடங்கு வந்து கொட்டுகின்றன. இடது கீழறையின் நுனியில் இவற்றைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் அதிகம் என்பது ஒரு வலுவான விளக்கம். அளவுக்கு மீறி அறை வாங்கிய தசை மரத்துப்போய் நின்றுவிடுகிறது. மேல்பகுதி மட்டும் சுருங்க, நுனி உப்ப, குடுவை வடிவம் வந்துவிடுகிறது. தசை சாகவில்லை, மலைத்து நிற்கிறது. அதனால்தான் மீள்கிறது. அண்ணனிடம் சொல்லுங்கள்: வயர் இருக்கிறது, வயரில் ஓடியது அதிகம், அவ்வளவுதான்.


எண்ணிப்பார் | ஜூன் 15, மாலை 6:11

நன்றி ஐயா, இது புரிந்தது. ஆனால் இது மேலிருந்து கீழே போகும் பாதை மட்டும்தானே? கீழிருந்து மேலே ஏதாவது போகிறதா? இதயம் வேகமாக அடிப்பதால் பயம் வருமா, பயத்தால் இதயம் வேகமாக அடிக்குமா?


முலுண்ட் முத்து | ஜூன் 15, இரவு 10:30

எண்ணிப்பார், உங்க கடைசிக் கேள்விக்கு நானே ஆதாரம்.

நாலு வருஷம் முன்னாடி, காலை ஃபாஸ்ட் லோக்கல். கதவுகிட்ட இல்ல, உள்ள நடுவுல மாட்டிக்கிட்டேன். காட்கோபர் தாண்டினதும் காரணமே இல்லாம ஒரு துடிப்பு விட்டுப்போன மாதிரி, அடுத்தது டமால்னு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் தடதடதடன்னு அடிக்க ஆரம்பிச்சுது. கை விரலெல்லாம் சுருசுருங்குது, மூச்சு மேல நிக்குது, செத்தோம்னே நினைச்சேன். நாலு பேர் முதுகைத் தள்ளிக்கிட்டு குர்லால விழுந்தடிச்சு இறங்கினேன். வடாபாவ் கடைக்காரர் ஒரு ஸ்டூலைப் போட்டு உக்கார வெச்சு தண்ணி குடுத்தார். பத்து நிமிஷத்துல தானா அடங்கிடுச்சு.

இசிஜி, எக்கோ, தைராய்டு, ரத்தசோகை இருக்கான்னு எல்லாம் பார்த்தாங்க. ஒண்ணும் இல்ல. பேனிக் அட்டாக்னு சொன்னாங்க. எனக்கு நம்பிக்கை வரல. பத்தாயிரம் ரூபாய்க்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கட்டிக்கிட்டேன். அதுதான் பெரிய தப்பு. டிரெயின் ஏறினதும் மணிக்கட்டைப் பார்ப்பேன், 98. ஐயையோன்னு மறுபடி பார்ப்பேன், 112. மூணாவது தடவை 125. பார்க்கறதாலயே ஏறுது! இதே 125 எங்க பில்டிங்ல லிஃப்ட் ரிப்பேர் ஆன அன்னைக்கு ஆறு மாடி ஏறினப்பவும் காட்டுச்சு. அப்ப எனக்கு ஒரு மண்ணும் தோணல, மூச்சு வாங்குதுன்னு விட்டுட்டேன்.

வாட்ச்சை மச்சானுக்குக் குடுத்துட்டேன். ஒரு சைக்காலஜிஸ்ட்கிட்ட எட்டு வாரம் போனேன். என்னை ஆபீஸ் மாடிப்படியில ஏறி இறங்க வெச்சு, நெஞ்சு அடிக்கும்போது அங்கேயே நின்னு கவனிக்கச் சொன்னாங்க. இப்ப விண்டோ சீட்டுக்குச் சண்டை போடற அளவுக்குத் தேறிட்டேன்.


பழைய வாத்தியார் | ஜூன் 16, காலை 7:15

முத்து, உங்கள் ஆறு மாடியை என் பழைய மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். அருமையான உதாரணம்.

இந்தச் சண்டைக்கு வயது 140 ஆகிவிட்டது. 1884ல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் வழக்கத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார்: பயந்ததால் உடம்பு நடுங்கவில்லை, உடம்பு நடுங்குவதை உணர்வதுதான் பயம் என்றார். 1927ல் உடலியங்கியலாளர் வால்டர் கேனன் அதை வெளுத்து வாங்கினார். கோபத்திலும் நெஞ்சு அடிக்கிறது, பயத்திலும் அடிக்கிறது, காய்ச்சலிலும் அடிக்கிறது. வெறும் அடியை வைத்து எது எது என்று மூளைக்கு எப்படித் தெரியும்? கேள்வி கேனனுடையது, விடையின் ஒரு துண்டு முத்துவின் மாடிப்படியில் இருக்கிறது.

2023ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் கார்ல் டைசராத் குழுவினர் ஒரு சோதனை வெளியிட்டார்கள். எலிகளின் இதயத் தசையை ஒளிக்குப் பதில் சொல்லும்படி மரபணு வழியாக மாற்றி, சட்டை மாதிரி ஒன்றை மாட்டி, அதிலிருந்த சின்ன விளக்கைச் சொடுக்கி இதயத்தை நிமிடத்துக்கு 900 தடவை அடிக்க வைத்தார்கள். எலிக்கு வழக்கமே 600க்கு மேல்தான், பதற வேண்டாம். எலி பயந்ததா? பத்திரமான இடத்தில் இருந்தபோது அது கண்டுகொள்ளவே இல்லை. திறந்த வெளி போல ஆபத்து வாசம் அடிக்கும் இடத்தில் விட்டபோதுதான் ஒதுங்கிப் பதுங்கியது. மூளையில் இன்சுலா என்ற பகுதியை அடக்கியபோது அந்தப் பயமும் குறைந்தது. மூளையே தொடங்காத படபடப்பு, வெளியிலிருந்து இதயத்தில் மட்டும் உண்டாக்கியது. அதுவும் மேலே போய்ச் சேர்ந்து, இடத்தைப் பார்த்து, பயமாகிறது.

மேலே போகும் பாதை சாதாரணமானது இல்லை. வேகஸ் நரம்பின் இழைகளில் ஏறத்தாழ 80 சதவீதம் உடம்பிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை. கட்டளையைவிடக் கடிதமே அதிகம். கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் அழுத்தத்தை அளக்கும் உணரிகள் உண்டு. ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் வந்து மோதும்போது 'வந்துவிட்டது' என்று மூளைக்கு ஒரு தந்தி. இங்கிலாந்தில் சாரா கார்பிங்கல், ஹியூகோ கிரிச்லி இருவரும் 2014ல் இதை வைத்து ஒன்று செய்தார்கள். பயந்துபோன முகங்களின் படத்தை மின்னல் மாதிரிக் காட்டினார்கள், சில இதயம் சுருங்கும் கணத்தில், சில தளரும் கணத்தில். ஒரே மாதிரிப் படங்கள்தான். சுருங்கும் கணத்தில் பார்த்தவை கூடுதல் பீதியோடு தெரிந்தன. யோசித்துப் பாருங்கள், ஒரு நொடிக்குள் நம் உலகம் ஒரு தடவை கொஞ்சம் பயங்கரமாகவும் ஒரு தடவை கொஞ்சம் சாதுவாகவும் ஆகிக்கொண்டிருக்கிறது.


மாட்டுங்கா மாமி | ஜூன் 16, காலை 11:20

வாத்தியார் சொல்றதைக் கேட்டுண்டே இருக்கலாம் போல இருக்கு. எனக்கு சயின்ஸ் தெரியாது, ஒண்ணே ஒண்ணு கவனிச்சிருக்கேன். "புத்தி இருக்கா?"ன்னு கேக்கறச்சே நம்ம விரல் நெத்திப் பொட்டுக்குப் போறது. "மனசு கேக்கலை"ங்கறச்சே உள்ளங்கை மார்புக்குப் போறது. யாரும் சொல்லிக் குடுக்கலை. பழைய பாட்டுல தலைவன் தன் நெஞ்சைக் கூப்பிட்டு வெச்சுண்டு "ஏ நெஞ்சே"ன்னு சண்டை போடுவான், தலையோட யாரும் சண்டை போட்டதா எனக்குத் தெரியலை. ஆனா பயம்னா நாம நெஞ்சோட நிறுத்தறதில்லை. வயத்துல புளியைக் கரைக்கறது, ஈரக்குலை நடுங்கறது. எங்காத்துல வேலை செய்யற பையன் ஹிந்திக்காரன், தைரியத்துக்கு 'கலேஜா'ம்பான், அதுவும் ஈரல்தானே.

என் மச்சினர் பொண்ணு வயலின் வாசிக்கறா. முதல் கச்சேரி அன்னிக்கு வில் பிடிச்ச கை வெடவெடன்னு நடுங்கித்து. டாக்டர்கிட்ட கேட்டு ப்ரோப்ரனலால்னு ஒரு மாத்திரை ஒரு மணி முன்னாடி போட்டுண்டா. அப்புறம் கேட்டேன், பயம் போச்சாடின்னு. "பயம் அங்கயேதான் இருந்தது பெரியம்மா, ஆனா அது யாரோ பக்கத்து வீட்டுக்காராளோட பயம் மாதிரி இருந்தது"ன்னா. அது எப்படி?


பழைய வாத்தியார் | ஜூன் 16, மதியம் 12:05

மாமி, அந்தப் பெண் ஒரு வரியில் ஒரு பாடத்தையே சொல்லிவிட்டாள். அட்ரினலின் போய் உட்காரும் ஏற்பிகளை அந்த மாத்திரை அடைத்துவிடும். ஜேம்ஸ் பிளாக் 1960களில் நெஞ்சு வலிக்காகக் கண்டுபிடித்தது, 1988ல் அவருக்கு நோபல். 'இது பெரிய சபை, தப்பு வந்தால் மானம் போகும்' என்ற எண்ணத்தை அது தொடவில்லை. கீழிருந்து வரவேண்டிய படபடப்பும் நடுக்கமும் வரவில்லை. கடிதம் வராத செய்தி அடுத்த வீட்டுச் செய்தி மாதிரிதான் இருக்கும்.


நைட் ஷிப்ட் சிஸ்டர் | ஜூன் 16, மதியம் 12:40

குறுக்க வர்றேன். இதைப் படிச்சிட்டு யாரும் மெடிக்கல்ல போய் அந்த மாத்திரையைக் கேட்டு வாங்கிடாதீங்க. ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு மூச்சுக்குழாயையே இறுக்கிடும். ஏற்கனவே நாடி மெதுவா இருக்கறவங்களுக்கும் ஆபத்து. டாக்டர் எழுதினா மட்டும்.


ஒளிவட்டம் | ஜூன் 16, மாலை 5:02

இதெல்லாம் நம் முன்னோர்களுக்கு அப்போதே தெரியும். இதயத்தில் 40,000 நியூரான்கள் உள்ளன, அதுதான் உண்மையான மூளை. இதயத்தின் மின்காந்தப் புலம் மூளையைவிடப் பல மடங்கு பெரியது, பக்கத்தில் நிற்பவரின் எண்ணத்தையே மாற்றும். நீங்கள் கோபமாக இருந்தால் வீட்டில் பால் திரிவது இதனால்தான். இதய ஆற்றலைச் சமன்செய்யும் காந்தக் காப்பு என்னிடம் உள்ளது, விலைக்கு  [இதற்கு மேல் மட்டுறுத்துநரால் நீக்கப்பட்டது] 


எண்ணிப்பார் | ஜூன் 16, மாலை 6:30

இந்த ஃபார்வேர்டு எங்கள் சொசைட்டி குரூப்பிலும் மூன்று தடவை வந்துவிட்டது. பாதி உண்மை இருப்பதால்தான் இது ஓடுகிறது.

இதயத்தில் நரம்பணுக்கள் உண்டு என்பது சரி. கனடாவின் ஆண்ட்ரூ ஆர்மர் 1991ல் அதற்கு 'சின்ன மூளை' என்று பெயர் வைத்தார். பத்தாயிரக்கணக்கில் இருக்கும். தலைக்குள் இருப்பது சுமார் 8,600 கோடி. இதயத்தில் உள்ளவை துடிப்புக்குத் துடிப்பு வேகத்தையும் அழுத்தத்தையும் சரிசெய்யும் லோக்கல் ஆபீஸ். அவை கவிதை எழுதுவதில்லை.

மின்சிக்னலும் சரி. இசிஜியில் மார்பில் வருவது சுமார் 1 மில்லிவோல்ட், இஇஜியில் தலையில் வருவது அதில் நூறில் ஒரு பங்கு அளவில். காரணம், இதயத் தசை முழுவதும் ஒரே நேரத்தில் சுருங்குகிறது, குறுக்கே மண்டையோடும் இல்லை. கூட்டமாகக் கோஷம் போட்டால் சத்தம் அதிகம், அதற்காகக் கூட்டம் அறிவாளி ஆகிவிடாது. காந்தப்புலம்? இதயத்தினுடையது பூமியின் காந்தப்புலத்தில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அளக்கத் தனி அறை கட்ட வேண்டும். பால் திரிந்தால் ஃபிரிட்ஜைப் பாருங்கள்.


மட்டுறுத்துநர் | ஜூன் 16, மாலை 6:45

விற்பனைப் பதிவுகள் வேண்டாம். ஒரு பெண் தன் அம்மாவைப் பற்றிக் கேட்ட இழை இது.


தொண்ணூறடி ரோடு | ஜூன் 16, இரவு 9:10

வாத்தியார் அண்ணாச்சி, தாராவியில இருந்து ஒரு பாமரன் கேள்வி. ஹார்ட் மாத்துதாங்களே, அவனுக்கு வயரெல்லாம் வெட்டித்தானே வப்பாங்க? அப்ப அவனுக்குப் பயம், பாசம் ஒண்ணுமே தெரியாதா? இல்ல, குடுத்தவன் பாசம் இவனுக்கு வந்துருமா? எங்க ஏரியா டீக்கடையில நேத்து இதே சண்டைதான், ரெண்டு கட்டிங் சாயா போச்சு.


பழைய வாத்தியார் | ஜூன் 17, காலை 7:40

நல்ல கேள்விக்கு ரெண்டு சாயா அதிகமில்லை தம்பி.

வெட்டித்தான் வைக்கிறார்கள். பிரேக் போய்விடுவதால் மாற்று இதயம் சும்மா இருக்கும்போதே 90லிருந்து 110 வரை அடிக்கும், நான் முதலில் சொன்ன அந்தச் சொந்த வேகம். படி ஏறினால் உடனே ஏறாது. ரத்தத்தில் அட்ரினலின் வந்து சேர்ந்த பிறகு மெதுவாக ஏறும், உட்கார்ந்த பிறகும் மெதுவாகத்தான் இறங்கும். வருடங்கள் போகப் போகச் சில நரம்புகள் மறுபடி முளைத்து எட்டிப் பார்ப்பதும் உண்டு. அவர்கள் பயப்படுகிறார்கள், பிள்ளையைக் கொஞ்சுகிறார்கள், எல்லாம் உண்டு. வயிறு இருக்கிறது, மூச்சு இருக்கிறது, வேர்க்கிறது, ரத்தம் ஓடுகிறது, மூளைக்கு வரும் கடிதங்கள் ஒரே தபால் நிலையத்திலிருந்து வருவதில்லை. குடுத்தவர் பாசம் வந்துவிடும் என்பதற்கு உருப்படியான சான்று கிடையாது. மரணத்தின் விளிம்பு வரை போய் வந்தவர், கைநிறைய மாத்திரை விழுங்குகிறவர், சுபாவம் மாறாமல் இருந்தால்தான் அதிசயம்.

உங்கள் ஊர்க்கதை ஒன்று. தென்னாப்பிரிக்காவில் கிறிஸ்டியன் பர்னார்ட் முதல் இதய மாற்றைச் செய்தது 1967 டிசம்பர் 3. மூன்றே மாதத்துக்குள், 1968 பிப்ரவரியில், தாராவியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி பரேல் கேஇஎம் மருத்துவமனையில் டாக்டர் பி. கே. சென் அதைச் செய்தார். நோயாளி சில மணி நேரமே இருந்தார். அதன் பிறகு இந்தியாவில் அது வெற்றி பெற 1994 ஆகஸ்ட் 3 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, டெல்லி எய்ம்ஸில், டாக்டர் வேணுகோபால். மூளைத்தண்டு இறந்தால் ஆள் இறந்ததாகவே கொள்ளலாம் என்ற சட்டமும் அந்த வருஷம்தான் வந்தது. அதுவரை நம் சட்டத்துக்கு நெஞ்சு நின்றால்தான் சாவு.


நைட் ஷிப்ட் சிஸ்டர் | ஜூன் 17, காலை 8:25

அந்தச் சட்டம் படிக்கச் சுலபம். மூளைச்சாவு ஆன ஒருத்தரோட அம்மாவை ஒரு ராத்திரி பூரா பார்த்துட்டிருந்தேன். மகனோட மார்புல கைய வெச்சு, "சூடா இருக்கே, அடிக்குதே"ன்னாங்க. மானிட்டர்ல 104. அசையாம, ஒரே சீரா 104. உயிரோட இருக்கற நம்ம நாடி அப்படி இருக்காது தெரியுமா. மூச்சை இழுக்கும்போது கொஞ்சம் ஏறும், விடும்போது கொஞ்சம் இறங்கும். மூளை மேல இருந்து தொட்டுட்டே இருக்கறதாலதான் அந்த ஏத்த இறக்கம். அன்னைக்கு அது இல்ல. அதை அவங்ககிட்ட எப்படிச் சொல்றது, சொல்லல.

கயல், அம்மாவுக்கு இதை மட்டும் செஞ்சு பார்க்கச் சொல்லுங்க. மணிக்கட்டுல நாடியைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா மூச்சு விடணும், இழுக்கறதைவிட விடறது நீளமா. நிமிஷத்துக்கு ஆறு மூச்சு வந்தா நல்லது. 2001ல இத்தாலிக்காரர் பெர்னார்டி ஒரு ஆராய்ச்சி பண்ணார். லத்தீன்ல ஜெபமாலை சொன்னவங்களுக்கும், மந்திரம் சொன்னவங்களுக்கும் தானாவே மூச்சு நிமிஷத்துக்கு ஆறுக்குப் பக்கத்துல வந்து நின்னுச்சாம், நாடியும் அழுத்தமும் அதோட சேர்ந்து அலை மாதிரி ஏறி இறங்குச்சாம். நான் தூத்துக்குடிக்காரி, புதன்கிழமை மாஹிம் சர்ச் நவநாள் ஜெபத்துக்குப் போறவ, எனக்கு இதைப் படிச்சு ஒரே பெருமை. மாமிக்கும் பெருமையா இருக்கும். இது மருந்துக்குப் பதில் இல்ல, மருந்தோட சேர்த்து.


மாட்டுங்கா மாமி | ஜூன் 17, காலை 9:00

பெருமைதான் சிஸ்டர். ஆனா எங்காத்து மாமா ஸ்லோகம் சொல்ற ஸ்பீடுக்கு நிமிஷத்துக்கு ஆறு மூச்சு வராது, ஆறு ஸ்லோகம் வரும்.


செம்பூர் கயல் | ஜூன் 18, இரவு 10:15

எல்லாருக்கும் நன்றி. இழையை அப்படியே அண்ணனுக்கு அனுப்பினேன். வாத்தியார் ஐயாவோட 'மலைத்து நிற்கிறது'ங்கற வார்த்தையைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் பேசல. அப்புறம் கேட்டான், "அப்ப அப்பா போன அன்னைக்கே ஏன் வரல? நாலு நாள் கழிச்சு, அதுவும் டம்ளர் கழுவும்போது?"


பழைய வாத்தியார் | ஜூன் 19, காலை 6:50

அம்மா, உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள். செய்தி கேட்ட கணத்தில்தான் வர வேண்டும் என்று விதி இல்லை. அமெரிக்காவில் மாரடைப்பு வந்து பிழைத்த கிட்டத்தட்ட இரண்டாயிரம் பேரை விசாரித்து 2012ல் வெளியிட்டார்கள். நெருங்கியவரை இழந்த முதல் 24 மணி நேரத்தில் அபாயம் 21 மடங்கு, அடுத்தடுத்த நாள்களில் படிப்படியாக இறங்கினாலும் அந்த வாரம் முழுக்க உயர்ந்தே இருந்தது. 21 மடங்கு என்றதும் பதற வேண்டாம், ஒருவருக்கு ஒரு நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பே மிகச் சின்னது, அதன் 21 மடங்கு. அது அடைப்பு மாரடைப்பின் கணக்கு, அம்மாவுடையது வேறு. ஆனால் உடம்பு அந்த நாள்களில் எந்த நிலையில் இருக்கும் என்று காட்டுகிறது. தூக்கமில்லை, சாப்பாடு இல்லை, வந்து போகிறவர்கள் கூட்டம், அட்ரினலின் வடியவே இல்லை. அதன் மேல் ஒரு டம்ளர். சாவைக் கூட்டத்தோடு தாங்கிவிடலாம், டம்ளரைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். என் மனைவி போன பிறகு எனக்கு அவள் மூக்குக்கண்ணாடிக் கூடு.

இன்னொன்று. சூரிச்சிலிருந்து 2016ல் வந்த கணக்கில், மன எழுச்சியால் இது வந்த 485 பேரில் 20 பேருக்கு வந்தது சந்தோஷத்தால். கல்யாணம், பேரப்பிள்ளை, பிறந்தநாள். இதயத்துக்கு எந்தச் செய்தி என்று தெரியாது, எவ்வளவு என்றுதான் தெரியும்.


செம்பூர் கயல் | ஜூலை 24, மாலை 7:30

இழையை மேல தூக்கறதுக்கு மன்னிச்சுக்கோங்க. இன்னைக்கு எக்கோ எடுத்தோம். 35 இருந்தது 58 ஆகியிருக்கு. சுருங்காத இடம்னு எதுவும் இல்லையாம்.

அம்மா சும்மா வரல. பழைய படத்தையும் காட்டுங்கன்னு டாக்டர்கிட்ட கேட்டாங்க. அவர் கம்ப்யூட்டர்ல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஓட விட்டார். கண்ணாடியைப் போட்டுக்கிட்டுக் குனிஞ்சு பார்த்துட்டு, "இது நம்ம சொம்பு மாதிரி இருக்கு"ன்னாங்க. ஜப்பான்ல ஆக்டோபஸ் பிடிக்கற பானைன்னேன். "ஆக்டோபஸா? அதை எதுக்குப் பிடிக்கறான்?"னாங்க. திங்கறதுக்குன்னேன். ஆஸ்பத்திரில இருந்து செம்பூர் வர வரைக்கும் அதையே கேட்டுட்டு வந்தாங்க, எப்படித் திங்கறான், எலும்பு இருக்குமா, குழம்பு வெப்பானான்னு. ரெண்டு மாசத்துல இவ்வளவு பேசி நான் பார்க்கல.


நைட் ஷிப்ட் சிஸ்டர் | ஜூலை 24, இரவு 8:05

58 நல்ல நம்பர். இன்னைக்கு நைட்டு டியூட்டி எனக்கு நல்லா போகும். நல்லாயிடுச்சுன்னு மாத்திரையை அவங்களா நிறுத்திடாம பாத்துக்கோங்க, சிலருக்கு மறுபடி வரும். அடுத்த செக்கப் எப்ப?


செம்பூர் கயல் | ஜூலை 24, இரவு 8:20

நவம்பர்ல சிஸ்டர். அண்ணன் லீவு போட்டுட்டு கூட வர்றானாம். டாக்டர்கிட்ட கேக்கறதுக்கு இப்பவே ரெண்டு பக்கம் எழுதி வெச்சிருக்கான்.